கழற்றுவது எறிவதற்கல்ல

மும்பை குர்லாவின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் எந்த ஷெட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. நாற்பது வயதைத் தாண்டிய மெர்சிடிஸ் 240 டி ஒன்று வந்து நிற்கிறது. இரவு முழுவதும் அது நின்ற இடத்தில், முன்பக்க இடச் சக்கரத்துக்கு அருகே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்க் கறை. மிஸ்திரி பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், அதன் குட்டி போல ஒடுங்கி நிற்கும் பொருளைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்: "ஆயில் கூலர் ஒழுகுது சாப். இது எதுக்கு? கழற்றித் தூரப் போட்டுடலாம். அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம் என்றதும் கார்க்காரரின் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியில்தான் பல பழைய என்ஜின்களின் ஆயுள் முடிந்திருக்கிறது.

கழற்ற வேண்டும் என்பதில் மிஸ்திரி சொல்வது சரி. கழற்றியதைத் திரும்பப் பொருத்த வேண்டாம் என்பதில்தான் அவர் தவறு செய்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், வைத்தியத்துக்கும் உறுப்பை வெட்டி எறிவதற்கும் உள்ள வித்தியாசம்.

மெர்சிடிஸின் டபிள்யூ 123 வரிசை 1976-ல் வெளிவந்தது. 1986 தொடக்கம் வரை சுமார் 27 லட்சம் கார்கள் தயாராயின. நாலு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட 240 டி-யும், ஐந்து சிலிண்டர் 300 டி-யும் உழைப்புக்குப் பேர்போனவை. பல நாடுகளில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தும் தேயாமல் இருந்தவை. இந்தியா கதவைச் சாத்தி வைத்திருந்த 1980-களில் இவை உள்ளே வந்த வழிகள் குறைவு. தூதரகங்கள் கொண்டுவந்தவை, அவை கைவிட்ட பிறகு எஸ்.டி.சி. என்ற அரசு வணிக நிறுவனம் விற்றவை, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்தவை. இந்த நிறுவனத்தின் கார் இந்தியாவிலேயே கோக்கப்பட்டது 1995-ல்தான். அது அடுத்த தலைமுறைக் கார்.

ஆனால் 240 டி-யின் இதயம் அதற்கு முன்பே இந்தியப் பிரஜையாகிவிட்டது. அதே ஓ.எம். 616 என்ஜினை உரிமம் பெற்றுத் தயாரித்த பஜாஜ் டெம்போ, அதை டிராக்ஸ் போன்ற வண்டிகளில் பொருத்தி ஊர் ஊராக ஓடவிட்டது. எனவே என்ஜினின் உள் பாகங்களுக்கு இங்கே பெரிய பஞ்சம் வந்ததில்லை. காருக்கே உரிய ஆயில் கூலரும் அதன் ஹோஸ்களும் அப்படியல்ல. மும்பையில் குர்லா, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், டெல்லியில் மாயாபுரி, சென்னையில் புதுப்பேட்டை என்று அலைந்துதான் பிடிக்க வேண்டும். கிடைக்காத பொருளை 'தேவையில்லாத பொருள்' என்று சொல்லிவிடுவது மெக்கானிக்குக்குச் சௌகரியம்.

தேவையா, இல்லையா என்பதை எண்ணெயின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். என்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் உரசாமல் இடையில் படலமாக நிற்பது எண்ணெய். கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகள் உண்மையில் மிதப்பது அந்தப் படலத்தின் மேல்தான். எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் எட்டாத இடங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வருவது. வாங்கிய சூட்டை அது எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். ஓரளவு அடியிலிருக்கும் ஆயில் சேம்பரில் இறங்கும். மிச்சத்தை இறக்கி வைக்கும் இடம் ஆயில் கூலர்.

இறக்கி வைக்காவிட்டால் என்ன ஆகும்? பரவலாகப் புழங்கும் 15டபிள்யூ-40 எண்ணெய், 40 டிகிரி சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சுகிறது. அதற்கு மேல் ஏற ஏறப் படலம் இன்னும் மெலிகிறது. போதாததற்கு, சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது எண்ணெய்த் துறையின் பழைய கணக்கு. கெட்ட எண்ணெய் கசடாகி, நுண்ணிய வழிகளை அடைக்கிறது.

இதைச் சொன்னால் மிஸ்திரியிடம் பதில் தயாராக இருக்கும். "நான் எத்தனையோ வண்டியில எடுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகலை." அவர் பொய் சொல்லவில்லை. ஹோஸ் இரண்டையும் கூலரிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கார் ஓடும். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் அசையாது. அசையாததில் வியப்பில்லை. அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை, எண்ணெயின் சூட்டை அல்ல.

எண்ணெயைப் பற்றிப் பேசும் முள் வேறு. இந்தக் காரில் அது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும். ஓடும்போது உச்ச அளவான 3-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். சூடான என்ஜின் வெறுமனே உறுமிக்கொண்டு நிற்கும்போது இறங்கும். 0.3-க்குக் கீழே போகக் கூடாது என்பது தயாரிப்பாளர் போட்ட கோடு. கூலர் இல்லாத கார் மே மாதத்தில் 45 டிகிரி வெயிலில் விதர்ப்பாவைக் கடந்தாலும், நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கண்டாலா மலைப்பாதையில் ஏறினாலும், கதை இந்த முள்ளில்தான் தெரியும். வழக்கமாக நிற்கும் இடத்துக்குக் கீழே அது இறங்கி நிற்கும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? பேரிங் தட்டும் சத்தம் கேட்பது மாதங்கள் கழித்து. அப்போது யாருக்கும் அந்த அரை மணி நேர வேலை நினைவுக்கு வராது. 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று முடித்துவிடுவார்கள்.

குளிர் நாடுகளில் சில பழைய கார்களுக்குக் கூலர் அவசியமில்லை என்று கழற்றுபவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எண்ணெய் போதிய அளவு சூடாகாவிட்டால் அதில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. ஆனால் இந்த மெர்சிடிஸைச் செய்தவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆயில் ஃபில்டர் கூட்டிலேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. எண்ணெய் கொதிநீரின் சூட்டை நெருங்கும் வரை கூலர் பக்கம் அதைப் போகவிடாது. நெருங்கிய பிறகுதான் வழி திறக்கும். தேவைப்படாதபோது சும்மா இருப்பது, தேவைப்படும்போது வேலை செய்வது. இதைவிட நாகரிகமான வேலைக்காரன் கிடைப்பது அரிது.

இரண்டு வாய்களிலும் மூடி போட்டு அடைத்துவிடும் ஷெட்டுகளும் உண்டு. அது இன்னும் ஆபத்து. எண்ணெயைக் கூலர் பக்கம் முழுவதும் திருப்பிவிடும் அமைப்பில், சூடேறித் தெர்மோஸ்டாட் வழியை மாற்றும்போது எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல் போகும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்பது ஏன்? ஒழுகல் மட்டும் காரணமல்ல. கூலருக்குப் போய்வரும் குழாய்கள் முனைகளில் இரும்பு, நடுவில் ரப்பர். நாற்பது ஆண்டு சூடும் அதிர்வும் பட்ட ரப்பர் கட்டையாகி, வெடிப்பு விட்டிருக்கும். அது சொட்டினால் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலையில் பிளந்துகொண்டால் ஆறு லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் மொத்தமும் வெளியேற ஓரிரு நிமிடம் போதும். பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்ன் அடித்துக் கை காட்டுவதற்குள் என்ஜின் இறுகிவிடும். எனவே வாங்கிய பழைய காரின் ஹோஸ்களுக்கு வயது தெரியாவிட்டால், ஒழுகாவிட்டாலும் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கழற்றும் வேலை முதல் நாள் மாலையே தொடங்க வேண்டும். ஹோஸின் இரும்பு நட், கூலரின் அலுமினியக் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் மழையிலும் கடற்காற்றிலும் ஒன்றாகக் கிடந்தால் ஒன்றையொன்று அரித்துக்கொண்டு ஒரே உலோகம் போலப் பற்றிக்கொள்ளும். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற ஊர்களின் கார்களில் இந்தப் பிடிப்பு இன்னும் அதிகம். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுற்றியுள்ள மண்ணை நீக்கி, துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து, இரவு ஊறவிட வேண்டும். காலையில் மறுபடி ஒரு முறை.

மறுநாள் என்ஜின் ஆறிய நிலையில், காரை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சேம்பரின் எண்ணெயை வடிக்க வேண்டும். வடித்த பிறகும் கூலருக்குள் எண்ணெய் மிச்சமிருக்கும். அடியில் தட்டு வைக்காமல் நட்டில் கை வைப்பவர், அடுத்த அரை மணி நேரம் தரையில் மரத்தூள் போட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. ஸ்பேனர் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். கூலரின் கழுத்து அறுகோணமாக இருக்கும் இடத்தை ஒரு ஸ்பேனர் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் குழாய் செருகி முழு பலத்தையும் காட்டும் பையன்கள் எல்லா ஷெட்டிலும் உண்டு. நட் கழன்று வருவது போலத் தோன்றும். உண்மையில் திருகிக்கொண்டு வருவது அலுமினியக் கழுத்தாக இருக்கும், அல்லது கழுத்தின் மரை முழுவதும் நட்டோடு உரிந்து வரும். 'வந்துடுச்சு உஸ்தாத்' என்ற உற்சாகக் குரல் கேட்ட அந்த நொடியில் கூலர் குப்பையாகிவிட்டது.

நட் அசைய மறுத்தால் அடுத்ததாகக் கேஸ் டார்ச்சைத் தேடுவார்கள். அங்கேயும் நிதானம் வேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கழுத்தும் நட்டும் சேர்ந்து சூடானால் பிடிப்பு தளராது, இறுகும். இரும்பு போலச் சிவந்து காட்டி எச்சரிக்கும் பழக்கமும் அலுமினியத்துக்குக் கிடையாது. 660 டிகிரியில், நிறம் மாறாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகித் தொங்கிவிடும். அதோடு எண்ணெய் ஊறிய இடத்தில் தீ வைத்திருக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ்தானே? அதன் குழாயை அறுத்துவிட்டு, நட்டின் பக்கவாட்டில் ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் மெல்ல அறுக்க வேண்டும். மரை தெரியத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டு, அறுத்த பிளவில் உளியை வைத்து லேசாகத் தட்டினால் நட் பிளந்து வாய் திறக்கும். நட் போனது, கூலர் பிழைத்தது. எதைப் பலி கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்று தெரிந்திருப்பதுதான் மிஸ்திரித்தனம்.

வெளியே வந்த கூலரைக் கழுவுவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல ஷெட்டுகளில் கசடு பிடித்த இரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். இரும்பு பளிச்சென்று வரும். அலுமினியம் அப்படியே கரையும். நுரை பொங்குவதைப் பார்த்து 'அழுக்கு போகுது' என்று மகிழ்கிறவர் உண்மையில் பார்ப்பது கூலர் போவதைத்தான். மண்ணெண்ணெயோ டீசலோ போதும். இரண்டு வாய்களிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றி, குலுக்கி, வடியும் திரவம் தெளிவாகும் வரை கழுவ வேண்டும்.

ஏற்கனவே பேரிங் உடைந்து என்ஜின் வேலை பார்த்த கார் என்றால் இந்தக் கழுவலில் இன்னும் கவனம் தேவை. உடைந்த பேரிங்கின் உலோகத் துகள்கள் கூலரின் குறுகலான வழிகளில் போய் ஒளிந்துகொள்ளும். லட்சம் செலவழித்து என்ஜினைப் புதுப்பித்துவிட்டுப் பழைய கூலரை அப்படியே மாட்டினால் அவை மெல்ல மெல்ல வெளியே வரும். ஃபில்டர் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் குளிரில் கெட்டியாக இருந்தாலோ, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும் வழி திறக்கும். அத்தகைய காரில் கூலரை மாற்றிவிடுவதே உத்தமம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பஞ்சர் கடை உத்தி போதும். ஒரு வாயை அடைத்து, மறு வாயில் மிதமான காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு வைப்பது போல ஈயம் வைத்து இதை அடைக்க முடியாது. ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டும். உள்ளே எண்ணெய் மிச்சமிருந்தால் வெல்டிங் பிடிக்காது. கழுவல் எவ்வளவு முக்கியம் என்பது அங்கே மறுபடி நிரூபணமாகும்.

ஹோஸ் கிடைக்கவில்லை என்று கை விரிக்கவும் அவசியமில்லை. மண் தோண்டும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் இன்று எல்லாத் தொழில் நகரங்களிலும் இருக்கின்றன. பழைய ஹோஸின் இரும்பு முனைகள் நல்ல நிலையில் இருந்தால், நடுவே புதிய ரப்பரை வைத்து அழுத்தித் தருவார்கள். சூடான எண்ணெயைத் தாங்கும் ரகம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்குவது, வரப்போகும் விபத்துக்கு நாள் குறிப்பது.

திரும்பப் பொருத்தும்போது மரையில் காப்பர் கிரீஸை லேசாகத் தடவ வேண்டும். அடுத்த முறை கழற்றப்போகிறவர் வாழ்த்துவார். நட்டை முதலில் கையால் ஏற்றி, சாய்ந்து ஏறவில்லை என்று உறுதியான பிறகே ஸ்பேனர். இங்கேயும் இரண்டு ஸ்பேனர்.

புது எண்ணெயும் புது ஃபில்டரும் போட்டவுடன் சாவியைத் திருப்பி என்ஜினை உறும விடுவது தவறு. எண்ணெய் வழிகள் காலியாக இருக்கின்றன. டீசல் பம்பின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்புகோல் ஒன்று உண்டு. உதவியாளர் ஒருவர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றவிட்டு, நிறுத்தி, மறுபடி சுற்றவிட வேண்டும். டீசல் போகாததால் என்ஜின் பற்றாது, சும்மா சுழலும். அழுத்த முள் மேலே எழும்போது எண்ணெய் பேரிங்குகளை அடைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.

வேலை முடிந்ததா என்பதைக் கூலரே சொல்லும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது குளிர்ந்திருக்கும். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி வந்து, என்ஜினை நிறுத்திவிட்டுக் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அனல் வீச வேண்டும். வீசினால் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, எண்ணெய் போய்வருகிறது. கூலர் தன் பங்கு எண்ணெயை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும் என்பதால் டிப் ஸ்டிக்கை மறுபடி பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். இரும்பு முனைகளைத் துணியால் துடைத்துவிட்டு, கசிவு உண்டா என்று மறுநாளும் பார்க்க வேண்டும்.

ஊற வைக்க ஓர் இரவு, கழற்ற ஒரு காலை, வெல்டிங்குக்கும் ஹோஸுக்கும் ஒரு நாள், பொருத்த ஒரு பிற்பகல். மிஸ்திரி சொன்ன அரை மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது நீண்ட கணக்குதான். ஆனால் 1976-ல் வந்த முதல் டபிள்யூ 123 கார்கள் 2026-ல் ஐம்பது வயதை எட்டுகின்றன. 2021-ல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த கார் விண்டேஜ் அந்தஸ்து கோரலாம். அதற்கு அது அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், என்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அசலாக வைத்திருப்பது என்றால் பெயிண்டும் குரோமியமும் மட்டுமல்ல. செய்தவர்கள் எதை எதற்காக வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுப்பதும்தான்.

அப்படிக் கேட்ட கார்க்காரர் இரண்டு நாள் கழித்து வந்து வண்டியை எடுத்துப்போகிறார். மறுநாள் காலை, முன்பக்க இடச் சக்கரத்துக்குக் கீழே அவர் விரித்து வைத்த செய்தித்தாளில் படிக்க முடியாத வரி ஒன்றுகூட இல்லை.